சம்பளம் 46 லட்சம். மெட்டல் கார்டு எடுக்கலாமா?

கேள்வி:

எனக்கு வயது 41. மறைமலை நகரில் சொந்த வீடு. பக்கத்திலேயே ஒரு வாகன உதிரிபாக நிறுவனத்தில் வடிவமைப்புப் பிரிவு மேலாளராக இருக்கிறேன். மனைவிக்கு மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் ஐ.டி. வேலை. இருவர் சம்பளமும் சேர்ந்து ஆண்டுக்கு 46 லட்சம் ரூபாய். பிள்ளைகள் இருவர், ஒன்பதாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும்.

என் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியின் மேலாளர் மூன்று மாதமாகப் போன் செய்கிறார். "சார், உங்க சம்பளத்துக்கு இந்தச் சாதாரண கார்டு வச்சிருக்கலாமா? இன்ஃபினியா மெட்டல் கார்டு உங்களுக்கு அப்ரூவ் ஆகியிருக்கு" என்கிறார். அலுவலகத்தில் ஒருவர் ஐசிஐசிஐ எமரால்டு பிரைவேட் மெட்டல்தான் சிறந்தது என்கிறார். இன்னொருவர் ஆக்சிஸ் மேக்னஸ் என்கிறார். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் பிளாட்டினம் மீதும் எனக்கு ஓர் ஆசை உண்டு.

எங்கள் செலவு இப்படி: மளிகை, காய்கறி, மீன் மாதம் 18,000. பெட்ரோல் 10,000. ஓட்டல், சினிமா 7,000. ஆன்லைனில் வாங்குவது 12,000. அப்பா அம்மா மருந்துக்கு 5,000. கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு 7,000. இன்டர்நெட், போன் மாதம் 2,500. பள்ளிக் கட்டணம் ஆண்டுக்கு 2.6 லட்சம். அதைப் பள்ளியின் இணையப் பக்கத்தில் கிரெடிட் கார்டில் கட்டினால் 1.2 சதவீதம் கூடுதலாகப் பிடிக்கிறார்கள். இன்ஷூரன்ஸ் பிரீமியம் 90,000. வருடம் ஒரு பயணம். போன வருடம் சிங்கப்பூர் போய் வந்தோம், நான்கு பேருக்கும் சேர்த்து 2.5 லட்சம். வீட்டுக் கடன் தவணை மாதம் 58,000. சேமிப்புக் கணக்கில் இரண்டரை லட்சம் இருக்கிறது; மற்றதெல்லாம் பி.எஃப்., மியூச்சுவல் ஃபண்டு.

இப்போது இருப்பது ஆண்டுக் கட்டணம் இல்லாத ஒரு கார்டு. போன வருடம் ஒரு சமயம் 1.2 லட்சம் பில் வந்து, இரண்டு மாதம் மினிமம் மட்டும் கட்டினேன். இப்போது நிலுவை எதுவும் இல்லை. இருக்கும் கார்டே போதும் என்கிறார் மனைவி. எதை எடுக்கலாம்?

- வாசகர், மறைமலை நகர்

பதில்:

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது, செலவை இவ்வளவு விவரமாக எழுதியிருப்பது. கார்டு கேட்டு எழுதுபவர்களில் பெரும்பாலானோர் சம்பளத்தை மட்டும்தான் எழுதுவார்கள். வங்கிக்கு உங்கள் சம்பளம் தேவை, ஏனென்றால் கார்டு தருவதா வேண்டாமா என்று அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். கார்டு உங்களுக்கு லாபமா நஷ்டமா என்பதைச் சம்பளம் சொல்லாது. எந்தச் செலவை எங்கே தேய்க்கிறீர்கள், சேர்ந்த பாயிண்டை எதற்குச் செலவழிக்கிறீர்கள் என்ற இரண்டும்தான் சொல்லும். 46 லட்சம் சம்பாதிப்பவருக்கு நஷ்டம் தரும் கார்டு, அதில் பாதி சம்பாதித்து மாதம் இருமுறை விமானம் ஏறுபவருக்கு லாபம் தரலாம்.

உங்கள் பட்டியலைக் கூட்டினால் ஆண்டுக்கு 12.96 லட்சம், ஏறக்குறைய 13 லட்சம். வங்கி மேலாளர் மனதில் இருப்பது இந்த எண்தான். இதில் எவ்வளவு கார்டில் ஏறும் என்று பார்ப்போம்.

பெட்ரோல் 1.2 லட்சத்தை முதலில் எடுத்துவிடுங்கள். ஏறத்தாழ எல்லா உயர்ரகக் கார்டுகளும் எரிபொருளுக்குப் பாயிண்ட் தருவதில்லை. 1 சதவீத சர்சார்ஜை மட்டும் ஒரு வரம்புக்குள் திருப்பித் தருவார்கள். அடுத்தது மளிகை. மறைமலை நகர், கூடுவாஞ்சேரி, சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் காய்கறிக் கடையிலும் மீன் கடையிலும் யுபிஐ ஸ்கேன் அட்டைதான் தொங்கும், கார்டு தேய்க்கும் கருவி இருக்காது. ரூபே கிரெடிட் கார்டாக இருந்தால் யுபிஐயில் இணைக்கலாம். நீங்கள் கேட்கும் கார்டுகள் விசா, மாஸ்டர்கார்டு, அமெக்ஸ் வகையில் வருபவை. அந்த வசதி அவற்றுக்கு இல்லை. எனவே மளிகையில் பாதி, 1.08 லட்சம், கணக்கில் வராது. பள்ளிக் கட்டணத்தைத் தனியாகப் பேச வேண்டும், இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். மிச்சம் 8.08 லட்சம். 13 லட்சம் என்று தொடங்கினோம், எட்டில் நிற்கிறோம். வீட்டுக் கடன் தவணை, நகைச் சீட்டு, வீட்டு வேலை செய்பவர் சம்பளம் எல்லாம் பெரும்பாலும் கார்டுக்கு வெளியேதான் நடக்கின்றன. அதனால் நம் நடுத்தர, மேல்நடுத்தரக் குடும்பங்களில் கார்டில் ஏறும் செலவு எப்போதுமே நினைத்ததைவிடக் குறைவு.

இனி மேலாளர் சொன்ன எச்டிஎஃப்சி வங்கியின் இன்ஃபினியாவை எடுத்துக்கொள்வோம். 2025-ல் இருந்த விதிகளை வைத்துச் சொல்கிறேன். ஆண்டுக் கட்டணம் 12,500 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டியோடு 14,750. ஒவ்வொரு 150 ரூபாய்க்கும் 5 பாயிண்ட். கட்டணம் கட்டும்போது 12,500 பாயிண்ட் தனியாக வரும். உங்கள் 8.08 லட்சத்துக்குச் சுமார் 26,900 பாயிண்ட். இரண்டும் சேர்ந்து 39,400.

இந்த 39,400 பாயிண்டின் மதிப்பு என்ன? வங்கியின் ஸ்மார்ட்பை தளத்தில் விமான டிக்கெட்டுக்கோ ஓட்டல் அறைக்கோ பயன்படுத்தினால் ஒரு பாயிண்ட் ஒரு ரூபாய். அதாவது 39,400 ரூபாய். கட்டணத்தைக் கழித்தால் கையில் நிற்பது 24,650. கார்டு பில்லில் பணமாகக் கழித்துக்கொண்டால் ஒரு பாயிண்டுக்கு 30 பைசா. 39,400 பாயிண்ட் 11,820 ரூபாயாகச் சுருங்கிவிடும். கட்டணம் 14,750. ஆக 2,930 ரூபாய் நஷ்டம்.

ஒரே குடும்பம், ஒரே செலவு, ஒரே கார்டு. பாயிண்டை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்பதில் மட்டும் 27,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். உயர்ரகக் கார்டு பற்றி எழுதும் ஒவ்வொரு முறையும் இந்த ஒரு கணக்கைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன், ஏனென்றால் விற்க வருபவர் முதல் கணக்கை மட்டுமே சொல்வார். "3.3 சதவீதம் ரிட்டர்ன் சார்" என்பார். அது பயணத்துக்கு மட்டும். பணமாக வாங்கினால் 1 சதவீதம்.

பயணத்திலும் சில நிபந்தனைகள் உண்டு. ஒரு பதிவின் தொகையில் 70 சதவீதம் வரைதான் பாயிண்டில் கட்டலாம். மிச்சத்தைப் பணமாகக் கட்ட வேண்டும். வங்கித் தளத்தில் டிக்கெட் விலை, விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தைவிடக் கூடுதலாக இருக்கும் நாட்களும் உண்டு. நான்கு டிக்கெட்டுக்கு ஆளுக்கு 1,500 கூடினால் 6,000 ரூபாய் அங்கேயே போய்விடும். ஆகவே பாயிண்டைப் போடுமுன் இரண்டு தளத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தத் தளத்தில் பதிவு செய்தால் கூடுதல் பாயிண்டும் கிடைக்கும். அதற்கு மாத உச்சவரம்பு உண்டு. அதை என் கணக்கில் சேர்க்கவில்லை, நீங்களும் சேர்க்காதீர்கள். வந்தால் வரட்டும்.

இப்போது பள்ளிக் கட்டணம். ஆண்டுக்கு 10 லட்சம் செலவழித்தால் கார்டின் அடுத்த ஆண்டுக் கட்டணம் தள்ளுபடி என்று மேலாளர் சொல்லியிருப்பார். உங்கள் 8.08 லட்சத்தோடு பள்ளியின் 2.6 லட்சத்தைச் சேர்த்தால் 10.68 லட்சம், கோட்டைத் தாண்டிவிடுகிறது. அதனால் 1.2 சதவீதம் கூடுதல், அதாவது 3,120 ரூபாய் கொடுத்தாவது கார்டில் கட்டலாம் என்று தோன்றும்.

அப்படிச் செய்தால் என்ன மிஞ்சும்? கட்டணம் தள்ளுபடியானால், கட்டணத்தோடு வரும் 12,500 பாயிண்டும் வராது. 14,750 ரூபாய் மிச்சம், 12,500 ரூபாய் மதிப்புள்ள பாயிண்ட் இழப்பு. பயணத்துக்குப் பயன்படுத்துபவருக்குத் தள்ளுபடியின் உண்மை மதிப்பு 2,250 ரூபாய்தான். இந்த 2,250 ரூபாய்க்காக 10 லட்சம் என்ற கோட்டைத் துரத்திக்கொண்டு ஓடும் குடும்பங்கள் எத்தனையோ. கார்டின் ஆண்டு முடியும் மாதம் வந்தால் தேவையில்லாத டிவியும், அவசரமில்லாத போனும் வாங்குவார்கள். தள்ளுபடியை விட்டுவிட்டுப் பார்த்தால், பள்ளிக் கட்டணத்தைக் கார்டில் கட்டுவது உங்களுக்கு ஒரே ஒரு நிலையில் லாபம்: அதில் வரும் 8,600-க்கு மேற்பட்ட பாயிண்டை டிக்கெட்டுக்குப் பயன்படுத்தினால். பணமாக எடுத்தால் 2,600 ரூபாய் வரும், கொடுத்தது 3,120. பள்ளியின் சொந்தப் பக்கத்தில் கட்டாமல் வேறு செயலிகள் வழியாகக் கட்டினால், 2024 ஆகஸ்டிலிருந்து எச்டிஎஃப்சி வங்கி தன் பங்குக்கு 1 சதவீதம் பிடிக்கிறது. அந்த வழிக்கே போகாதீர்கள்.

10 லட்சம் என்ற எண்ணுக்கு இன்னொரு முகமும் உண்டு. ஓர் ஆண்டில் ஒருவர் கட்டும் கார்டு பில் 10 லட்சத்தைத் தொட்டாலோ, ரொக்கமாக மட்டும் 1 லட்சம் கட்டினாலோ, வங்கி அதை வருமான வரித் துறைக்குத் தெரிவிக்கும். உங்கள் சம்பளத்துக்கு இது பயப்பட வேண்டிய விஷயம் இல்லை. வரி ஒழுங்காகக் கட்டுகிறீர்கள். ஆனால் பாயிண்டுக்காக நண்பரின் பைக்கையும் மைத்துனரின் நகையையும் உங்கள் கார்டில் தேய்த்துக் கொடுத்து, அவர்களிடம் ரொக்கமாக வாங்கிக்கொள்ளும் பழக்கம் நம் பக்கம் நிறைய இருக்கிறது. அது உங்கள் செலவாகத்தான் பதிவாகும். நாளைக்கு விளக்கம் கேட்டால் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான். தயவுசெய்து செய்யாதீர்கள்.

மற்ற கார்டுகளையும் அதே 2025 விதிகளை வைத்துச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

எமரால்டு பிரைவேட் மெட்டலின் கட்டணம் 12,499, அதோடு ஜிஎஸ்டி. 200 ரூபாய்க்கு 6 பாயிண்ட், பயணத்துக்கு ஒரு பாயிண்ட் ஒரு ரூபாய். 10 லட்சத்துக்குத் தள்ளுபடி. இன்ஃபினியாவுக்கும் இதற்கும் உங்கள் செலவில் பெரிய வேறுபாடு வராது. சம்பளக் கணக்கு எந்த வங்கியில் இருக்கிறதோ அந்தக் கார்டுதான் எளிதில் கிடைக்கும், பிரச்சினை வந்தால் பேசவும் ஓர் ஆள் இருப்பார். எனவே உங்கள் நண்பர் சொல்வது தவறில்லை என்றாலும், அதற்காக வங்கி மாற வேண்டாம்.

மேக்னஸை நான் பரிந்துரைக்க மாட்டேன். காரணம், 2023-ல் நடந்தது. ஒரு மாதம் 1 லட்சம் செலவழித்தால் 25,000 பாயிண்ட் என்று அந்தக் கார்டு கொடுத்துக்கொண்டிருந்தது. விமான, ஓட்டல் நிறுவனங்களின் கணக்குக்கு 5 பாயிண்டை 4 ஆக மாற்றிக்கொள்ளலாம். சென்னையிலும் புறநகரிலும் ஐ.டி. வேலை பார்ப்பவர்கள் பலர் ஓடிப்போய் வாங்கினார்கள். 2023 செப்டம்பர் 1 முதல் அந்த 25,000 நின்றது. ஆண்டுக் கட்டணம் 10,000-லிருந்து 12,500 ஆனது. தள்ளுபடிக்கான செலவு 15 லட்சத்திலிருந்து 25 லட்சமாக ஏறியது. சாதாரண மேக்னஸ்காரர்களுக்கு மாற்று விகிதம் 5-க்கு 2 என்று பாதியானது; வங்கியில் பெருந்தொகை வைத்திருக்கும் பர்கண்டி வாடிக்கையாளர்களுக்கு மட்டும் பழைய விகிதம் நீடித்தது. இரண்டு வருடம் கழித்துப் பெரிய பயணம் போகலாம் என்று பாயிண்ட் சேர்த்துக்கொண்டிருந்தவர்களின் சேமிப்பு பாதியானது. சட்டப்படி வங்கி தவறு செய்யவில்லை. விதிகளை மாற்றும் உரிமை ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. எனவே எந்தக் கார்டாக இருந்தாலும் பாயிண்டைச் சொத்துபோல் சேர்த்து வைக்காதீர்கள். இந்த வருடம் வந்ததை இந்த வருடப் பயணத்துக்கே செலவழித்துவிடுங்கள். கார்டு கொடுத்த வங்கியேகூட மாறலாம்: சிட்டி வங்கியின் இந்தியக் கார்டு வணிகம் முழுவதும் 2023 மார்ச் 1 அன்று ஆக்சிஸ் கைக்குப் போனது.

அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் பிளாட்டினம் மேல் ஆசை இருப்பது புரிகிறது. சேவை நன்றாக இருக்கும், பெரிய ஓட்டல் குழுமங்களில் தனி மரியாதை கிடைக்கும். ஆனால் ஆண்டுக் கட்டணம் ஜிஎஸ்டியோடு 70,000 ரூபாயைத் தாண்டும். மாதம் இரண்டு மூன்று இரவு ஐந்து நட்சத்திர ஓட்டலில் தங்குபவருக்கு அது திரும்பி வரும். வருடம் ஒரு குடும்பப் பயணம் போகும் உங்களுக்கு வராது. தாம்பரத்தைத் தாண்டி உங்கள் பக்கம் வந்துவிட்டால் அமெக்ஸை ஏற்கும் கடைகளும் குறைவு. நான்கு கார்டுகளில் தயக்கமே இல்லாமல் வேண்டாம் என்று சொல்வது இதைத்தான்.

லவுஞ்ச் பற்றி மேலாளர் நிறையச் சொல்லியிருப்பார். இன்ஃபினியாவில் உள்நாட்டு, வெளிநாட்டு லவுஞ்சுகளுக்கு வரம்பு இல்லை, அது உண்மை. வருடத்துக்கு இரண்டு மூன்று முறை மீனம்பாக்கம் போகும் குடும்பத்துக்கு அதன் மதிப்பு அங்கே சாப்பிடும் நான்கு சாப்பாடு, அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு இலவசமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், விருந்தினருக்குத் தனிக் கட்டணம் வரும். விமான விபத்துக் காப்பீடு 3 கோடி, வெளிநாட்டு மருத்துவமனைச் செலவு 50 லட்சம் என்று கார்டோடு வருவதைப் பயனில்லை என்று சொல்ல மாட்டேன். கார்டு எடுத்தால் நாமினியை உடனே பதிவு செய்யுங்கள். அதை நம்பி டேர்ம் பாலிசித் தொகையைக் குறைக்க வேண்டாம், வெளிநாடு போகும்போது பயணக் காப்பீட்டைத் தவிர்க்கவும் வேண்டாம்.

சிங்கப்பூர் செலவில் ஒரு விஷயம். அங்கே தேய்க்கும் ஒவ்வொரு டாலருக்கும் இன்ஃபினியாவில் 2 சதவீத மார்க்அப், அதன்மேல் ஜிஎஸ்டி, மொத்தம் 2.36 சதவீதம். 80,000 ரூபாய் அங்கே செலவழித்தால் 1,888 ரூபாய் போகும்; பாயிண்டாக 2,666 வரும். பயணத்துக்குப் பயன்படுத்தினால் சிறு லாபம், பணமாக எடுத்தால் 800 ரூபாய், அதாவது நஷ்டம். மார்க்அப்பே இல்லாத கார்டுகள் இப்போது இருக்கின்றன. ஃபெடரல் வங்கியின் ஸ்காபியா போன்றவற்றுக்கு ஆண்டுக் கட்டணமும் இல்லை. வெளிநாட்டுச் செலவுக்கு அப்படி ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது. அங்கே கடையில் "ரூபாயிலேயே கட்டுகிறீர்களா?" என்று கேட்டால் வேண்டாம், சிங்கப்பூர் டாலரில் போடுங்கள் என்று சொல்லுங்கள். ரூபாய் என்று சொன்னால் அவர்கள் வைக்கும் மாற்று விகிதத்தில் இன்னும் சில சதவீதம் போய்விடும்.

உங்கள் மனைவி சொல்வதையும் கணக்காகப் பார்க்க வேண்டும். உயர்ரகக் கார்டே இல்லாமல், எஸ்பிஐ கேஷ்பேக் போன்ற ஒரு கார்டு இருந்தால் என்ன வரும்? ஆன்லைனில் 5 சதவீதம், கடையில் 1 சதவீதம், இரண்டும் மாத உச்சவரம்புக்குள். கட்டணம் 999, ஆண்டுக்கு 2 லட்சம் செலவழித்தால் அதுவும் இல்லை. உங்கள் ஆன்லைன் செலவு 1.44 லட்சத்துக்கு 7,200 ரூபாய். கார்டில் ஏறும் மளிகை, ஓட்டல், மருந்து 2.52 லட்சத்துக்கு 2,520 ரூபாய். ஆக 9,720. டிக்கெட் பதிவுக்கும் ஏதோ கொஞ்சம் வரும். கரண்ட் பில், இன்ஷூரன்ஸ், பள்ளிக் கட்டணத்துக்கு அதில் எதுவும் கிடையாது. ஆனால் வருவது ரூபாய்; பில்லிலேயே கழிந்துவிடும், எந்தத் தளத்துக்கும் போக வேண்டாம், எந்த விகிதமும் பார்க்க வேண்டாம். பாயிண்டைக் கண்காணிக்கப் பிடிக்காதவருக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பயணம் போகும் ஆண்டில் இன்ஃபினியா தரும் 24,650-க்கு இது ஈடில்லை என்பதும் உண்மை. பயணம் போகாத ஆண்டில் இதுதான் ஜெயிக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகும், உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி வேறு. "இரண்டு மாதம் மினிமம் மட்டும் கட்டினேன்."

பெரும்பாலான கார்டுகளில் வட்டி மாதம் 3.5 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. 1.2 லட்சத்துக்கு ஒரு மாத வட்டி 4,200, அதன்மேல் ஜிஎஸ்டி 756, மொத்தம் 4,956. இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 10,000 ரூபாய். மேலே சொன்ன கேஷ்பேக் கார்டு ஒரு வருடம் முழுக்கத் தரும் தொகையை அந்த இரண்டு மாதம் விழுங்கிவிட்டது. நிலுவை இருக்கும்போது புதிதாகத் தேய்ப்பதற்கு வட்டியில்லா நாட்களும் கிடையாது, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். இன்ஃபினியா போன்ற சில கார்டுகளில் வட்டி மாதம் 2 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அதுவும் ஆண்டுக்கு 24 சதவீதம். உங்கள் வீட்டுக் கடன் வட்டியைப் போல இரண்டு மடங்குக்கு மேல். இதற்கு உச்சவரம்பு இருக்கும் என்று சிலர் இன்னும் நம்புகிறார்கள். ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று ரத்து செய்துவிட்டது. வட்டி எவ்வளவு என்பது இப்போது வங்கிக்கும் உங்களுக்கும் இடையிலான ஒப்பந்தம்தான்.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. 46 லட்சம் சம்பாதிக்கும் வீட்டில் 1.2 லட்சம் பில்லைக் கட்டக் கையில் பணம் இல்லாமல் போனது ஏன் என்பதுதான் என் கவலை. பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: சேமிப்புக் கணக்கில் இரண்டரை லட்சம். மாதத் தவணை 58,000, வீட்டுச் செலவு, பள்ளி, பிரீமியம் எல்லாம் சேர்த்தால் பயணம் நீங்கலாக மாதம் 1.45 லட்சம் வெளியே போகிறது. கையில் இருப்பது இரண்டு மாதத்துக்குக்கூட வராது. மியூச்சுவல் ஃபண்டு இருக்கிறதே என்பீர்கள். அதை இறங்குமுகத்தில் விற்க மனம் வராது. அதனால்தான் அன்றைக்கு மினிமம் கட்டினீர்கள் என்று நினைக்கிறேன்.

உங்கள் ஊரில் இருப்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2021 செப்டம்பரில் ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. அடுத்த ஆண்டே மறைமலை நகர் ஆலை நின்றது. அந்த ஆலையை நம்பியிருந்த உதிரிபாக நிறுவனங்கள் எத்தனை, அவற்றில் வேலை பார்த்த குடும்பங்கள் எத்தனை என்று நீங்கள் நேரில் பார்த்திருப்பீர்கள். நல்ல சம்பளத்தில் இருந்தவர்களும் அதில் இருந்தார்கள். நீங்களும் அதே தொழிலில் இருக்கிறீர்கள். ஒரு சம்பளம் ஆறு மாதம் நின்றால், 10 லட்சம் லிமிட் உள்ள மெட்டல் கார்டு பெரிய ஆறுதலாகத் தோன்றும். அந்த நேரத்தில் அதைத் தொட்டால் கரையேறுவது கடினம்.

ஆகவே என் முடிவு இது. இப்போது எதையும் எடுக்காதீர்கள். முதலில் ஆறு மாதச் செலவு, சுமார் 9 லட்சம், சேமிப்புக் கணக்கிலோ உடனே எடுக்கக்கூடிய வைப்பு நிதியிலோ சேருங்கள். இருவர் சம்பளத்தில் ஒரு வருடத்தில் முடியும். இருக்கும் கார்டுக்கு முழுத் தொகையும் தானாகக் கட்டப்படும்படி வங்கியில் ஏற்பாடு செய்யுங்கள். அந்தப் படிவத்தில் "மினிமம்" என்ற கட்டமும் இருக்கும், அதில் டிக் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு பில் தொடர்ந்து முழுதாகக் கட்டிய பிறகு, வருடம் ஒரு விமானப் பயணம் நிச்சயம் என்றால் இன்ஃபினியாவை எடுங்கள், அது ஒன்று போதும். பயணம் நிச்சயமில்லை என்றால் கேஷ்பேக் கார்டு. பாயிண்டை டிக்கெட்டுக்குப் பயன்படுத்துவது உறுதி என்றால் தவிர, பள்ளிக் கட்டணத்தை வங்கிக் கணக்கிலிருந்தே கட்டுங்கள்.

மனைவிக்கு உங்கள் கார்டின் கூடுதல் கார்டு கொடுப்பதைவிட, அவர் பெயரிலேயே கட்டணமில்லாத ஒரு கார்டு இருக்கட்டும். கூடுதல் கார்டில் செய்யும் செலவு உங்கள் சிபில் கணக்கில்தான் ஏறும். நாளை அவர் பெயரில் கடன் தேவைப்பட்டால் அவருக்கென்று ஒரு வரலாறு வேண்டும். 2025 ஜனவரியிலிருந்து வங்கிகள் இந்த விவரங்களைச் சிபிலுக்குக் குறைந்தது பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்தது. எனவே நல்ல பழக்கமும் கெட்ட பழக்கமும் முன்பைவிட விரைவில் மதிப்பெண்ணில் தெரியும்.

மேலாளருக்கு "வேண்டாம்" என்று சொல்லத் தயங்காதீர்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் கார்டு அனுப்பவோ, இருக்கும் கார்டை மாற்றவோ கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் வெளியிட்ட விதிமுறையிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. மீறிக் கட்டணம் பிடித்தால் அதைத் திருப்பித் தருவதோடு, அதைப் போல இரண்டு மடங்கு அபராதமும் தர வேண்டும். கார்டை மூடக் கேட்டால், நிலுவை இல்லாத பட்சத்தில் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். வங்கி முப்பது நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையம் வழியாக இலவசமாகப் புகார் செய்யலாம்.

அடுத்த வருடம் அவர் மறுபடி போன் செய்து "முதல் வருடம் இலவசம் சார்" என்று சொன்னால், அந்த இலவசம் எத்தனை வருடத்துக்கு, இரண்டாம் ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, பாயிண்டைப் பணமாக மாற்றினால் எத்தனை பைசா என்ற மூன்றையும் வங்கியின் அதிகாரபூர்வ மின்னஞ்சலிலிருந்து எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அந்த மின்னஞ்சல் வரும்வரை எதற்கும் சம்மதம் சொல்லாதீர்கள்; ஓடிபியை எப்போதுமே சொல்லாதீர்கள்.